வெள்ளாட்டு மேல செம்மறி கிடா ஏறினா சினை பிடிக்குமா? பிடிச்சது ஏன் தங்கல?

பட்டிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். இத ஆடு வளர்ப்பு பகுதியில போடறதா அறிவியல் பகுதியில போடறதான்னு தெரியல, அட்மின் வேணும்னா மாத்திக்கோங்க.

நமக்கு மேச்சேரி பக்கம். 14 மேச்சேரி செம்மறி, 3 சேலம் கருப்பு வெள்ளாடு, எல்லாம் ஒரே பட்டி ஒரே மேய்ச்சல். கிடான்னு பாத்தா செம்மறி கிடா ஒண்ணுதான் இருக்கு, வெள்ளாட்டு கிடாவ ஆடி மாசம் நல்ல விலைக்கு கேட்டாங்கன்னு குடுத்துட்டேன். மார்கழில ஒரு கருப்பாடு பருவத்துக்கு வந்து ரெண்டு நாளா வாலை ஆட்டிக்கிட்டு கத்திட்டே கிடந்துச்சு, இந்த செம்மறி கிடா போய் ஏறிடுச்சு, ஒரு தடவ இல்ல, நான் பாத்தே மூணு நாலு தடவ. இதுல என்ன ஆகப்போவுதுன்னு விட்டுட்டேன். ஆனா 21 நாள் கழிச்சு மறுபடி கத்தணும்ல, கத்தல. அடுத்த 21லயும் கத்தல. சரி சினைதான்னு வீட்ல சொல்லிட்டேன், கொஞ்சம் கடலக்கொடி கூட தனியா வச்சேன். போன வாரம் விடியக்காலம் பட்டிய தொறந்தா வீசி கிடக்கு. உள்ளங்கை நீளந்தான், மயிர் முளைக்கல, குளம்பு மட்டும் மெழுகு மாதிரி வெள்ளையா தெரிஞ்சுது. பாக்கவே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

பக்கத்து தோட்டத்து பெரியப்பா வந்து பாத்துட்டு "செம்மறி கிடா வெள்ளாட்டுல விழுந்தா அப்படித்தான்டா, பிடிக்கும், தங்காது" அப்படின்னு சாதாரணமா சொல்லிட்டு பல்லு குத்திட்டே போயிட்டாரு. பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணு என்னடான்னா "ரெண்டும் வேற வேற ஸ்பீஷிஸ்ப்பா, கருவே உண்டாகாது, புக்லயே இருக்கு"ங்கறா. ரெண்டு பேருல யாரு சொல்றது சரி? இன்னொண்ணு, நாளைக்கு நான் ஒரு வெள்ளாட்டு கிடா வாங்கி விட்டா அது செம்மறி பெட்டைங்கள இதே மாதிரி கெடுத்து விட்டுடுமா?

சும்மா ஒருத்தன்:
சிம்பிள் ணா. வெள்ளாட்டுக்கு குரோமோசோம் 60, செம்மறிக்கு 54. கணக்கே இடிக்குது, அப்புறம் எப்படி கரு பிடிக்கும். உங்க ஆடு ஏரிக்கரை பக்கம் எங்கயோ போயிட்டு வந்திருக்கு, நீங்க பாவம் வீட்டு கிடா மேல பழிய போடறீங்க 😄

ஊசி டாக்டர்:
அறிவியல் அப்புறம் பேசலாம், மொதல்ல இத சொல்லுங்க, அந்த வீசின குட்டியையும் நஞ்சையும் வெறுங்கையால எடுத்தீங்களா? கருச்சிதைவுன்னாலே புருசெல்லா, கிளமிடியா, டாக்சோபிளாஸ்மான்னு கிருமிங்க ஒரு வரிசையே இருக்கு, இதுல பலதும் மனுஷனுக்கு தொத்தும். இனிமே கையுறை இல்லன்னா பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கிட்டு எடுங்க, சுண்ணாம்பு போட்டு ஆழமா புதைங்க, நாய்க்கு போடவே போடாதீங்க. வீட்ல மாசமா இருக்கிறவங்க யாராவது இருந்தா பட்டி பக்கம் விடாதீங்க. அந்த ஆட்டை மத்ததோட சேக்காம தனியா கட்டி பக்கத்து கால்நடை மருந்தகத்துல ரத்தம் எடுக்க சொல்லுங்க. "கிடா மாறி ஏறிடுச்சு, அதான் வீசிடுச்சு"ன்னு முடிவு பண்ணி உக்காந்துட்டு, ஒரு மாசத்துல வரிசையா நாலு ஆடு வீசினதுக்கு அப்புறம் ஓடி வந்தவங்கள நான் பாத்திருக்கேன்.

இப்ப உங்க கேள்விக்கு. பெரியப்பா சொன்னதுதான் சரி, அவர் எந்த புக்கும் படிக்கல, 50 வருஷமா பட்டிய பாத்திருக்காரு அவ்ளோதான். வெள்ளாட்டு பெட்டையில செம்மறி விந்து விழுந்தா கருமுட்டையோட சேரும், நல்லாவே சேரும், கரு உண்டாகி கர்ப்பப்பையில ஒட்டவும் ஒட்டும். பருவம் திரும்பாததுக்கு அதான் காரணம். அப்புறம் ஒன்றரை ரெண்டு மாசம் வாக்குல செத்துடும். நஞ்சு சரியா அமையாதது ஒரு காரணம். ஆட்டுக்கு நஞ்சு நம்மளுக்கு மாதிரி ஒரே தட்டா இருக்காது, சட்டை பொத்தான் மாதிரி ஏகப்பட்ட இடத்துல ஒட்டும், நஞ்சு எடுத்து பாத்தவங்களுக்கு தெரியும். கலப்பு கருவுல அந்த பொத்தான் எல்லாம் ஒழுங்கா வளராது. அது போக கருவோட ரத்த அணுவுல அப்பன் வழியா வந்த செம்மறி அடையாளம் இருக்கும்ல, அத தாய் ஆட்டோட உடம்பு அன்னியம்னு பாத்து ஆன்டிபாடி தயார் பண்ணிடுது.

அதனால உங்களுது அந்த கதையா இருக்க வாய்ப்பு உண்டு, நாளும் பொருந்துது. ஆனா உறுதியா சொல்லணும்னா அந்த குட்டியோட செல்லுல குரோமோசோம் எண்ணியிருக்கணும். தாய் பக்கம் 30, தகப்பன் பக்கம் 27, மொத்தம் 57 வந்தா கலப்பு. 60 வந்தா ஏரிக்கரை. பாத்து சொல்ல வழியே இல்ல, அந்த வயசுல எல்லா ஆட்டுக் கருவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தலைகீழா வச்சு கேட்டீங்கல்ல, செம்மறி பெட்டை மேல வெள்ளாட்டு கிடா. அதுல பயமே வேணாம். அங்க கருமுட்டையும் விந்தும் சேர்றதே அபூர்வம். ஆளு அதே ரெண்டு இனம், திசை மாறினதும் கதவு சாத்திக்குது. தாராளமா கிடா வாங்குங்க.

சும்மா ஒருத்தன்:
டாக்டர் சார் அப்ப வாட்ஸாப்ல வருமே பாதி கம்பளி பாதி மயிர்னு ஒரு ஆடு போட்டோ, அது ஃபோட்டோஷாப்பா?

ஊசி டாக்டர்:
இல்ல தம்பி, அது நிஜம், ஆனா கலப்பு இல்ல. 1984ல கேம்பிரிட்ஜ்ல பண்ணது. வெள்ளாட்டு கருவையும் செம்மறி கருவையும் தனித்தனியா, முறையா அதுஅது இனத்துல உண்டாக்கி, சில செல் அளவுல இருக்கும்போதே எடுத்து ஒண்ணா ஒட்டி ஒரு தாய்க்குள்ள வச்சாங்க. நாலு அப்பா அம்மா. அதனால ஒடம்புல திட்டு திட்டா ஒரு இடம் செம்மறி, ஒரு இடம் வெள்ளாடு. ஒரு செல்லுக்குள்ள ரெண்டும் கலக்கவே இல்ல.

நிஜ கலப்பு வேணும்னா போட்ஸ்வானால ஒண்ணு பொறந்துச்சு, 2000ல அத பத்தி எழுதினாங்க. ஒரே பட்டியில வளந்த வெள்ளாட்டு பெட்டைக்கும் செம்மறி கிடாவுக்கும் தானா பொறந்தது, உங்க பட்டி கதையேதான். எண்ணி பாத்தா 57. கால் வெள்ளாடு மாதிரி நீளம், ஒடம்பு செம்மறி மாதிரி கனம். மலடு, ஆனா ஆசைக்கு குறைவில்ல, செம்மறி வெள்ளாடுன்னு பாக்காம எல்லாத்து மேலயும் ஏறி தொந்தரவு தாங்காம காயடிச்சுட்டாங்க. அபூர்வத்துல அபூர்வம்.

சும்மா ஒருத்தன்:
ஓகே சரண்டர். ஆனா 60க்கும் 54க்கும் கணக்கு இடிக்குதுன்னு நான் சொன்னது தப்பா? எங்க ட்யூஷன் சார் அப்படித்தான் சொல்லி குடுத்தாரு.

பைப்பெட் பிடிச்ச கை:
உள்ள வரலாமா, என் பிஎச்டி வேலையே கருமுட்டைதான், எலி கருமுட்டை. ட்யூஷன் சார் சொன்னது பாதி. வெள்ளாட்டுக்கும் 60, மாட்டுக்கும் 60. எண்ணிக்கை ஒத்துப்போனா போதும்னா இந்நேரம் நம்ம ஊர்ல கொம்பு வச்ச என்னென்னமோ மேஞ்சிட்டு இருக்கணும். அந்தப்பக்கம் பாருங்க, இந்தியாவுல இருக்கற கேளையாடு, அந்த குரைக்கிற மான், பெட்டைக்கு 6 குரோமோசோம் கிடாவுக்கு 7, சீனாவுல இருக்கற அதோட ஒண்ணுவிட்ட சொந்தத்துக்கு 46. இது ரெண்டுக்கும் குட்டியே பொறந்திருக்கு. குதிரை 64 கழுதை 62, கோவேறு கழுதை 63ன்னு எல்லாருக்கும் தெரியும். எண்ணிக்கை பிரச்சனை பண்றது பின்னாடி, அந்த குட்டி வளந்து தன்னோட விந்தோ முட்டையோ உண்டாக்கும்போது ஜோடி சேர முடியாம திண்டாடும்ல, அங்க. விந்தணு முட்டைய முட்டும்போது வாசல்ல யாரும் எண்ணிக்கிட்டு நிக்கறதில்ல.

வாசல்ல நிக்கறது வேற ஆளு. பாலூட்டிகளோட கருமுட்டைய மைக்ராஸ்கோப்ல பாத்தா நடுவுல முட்டை, அத சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு வளையம், முட்டைக்கும் அதுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடைவெளி, பாக்க நுங்கு மாதிரி இருக்கும். அந்த வளையத்துக்கு பேரு ஸோனா பெலுசிடா. மனுஷ விந்தணுவ கொண்டு போய் எலி முட்டை பக்கத்துல விட்டா சுத்தி சுத்தி நீந்தும், இந்த வளையத்துல ஒட்டாது. கொஞ்ச நேரம் கழிச்சு அப்படியே வழுக்கிட்டு போயிடும். ஆனா எல்லா இடத்துலயும் இப்படி இல்ல. வெள்ளெலி முட்டையில அந்த வளையத்த என்சைம் போட்டு கரைச்சுட்டு வெறும் முட்டைய வச்சா மனுஷ விந்தணு நேரா உள்ள போயிடுது. 1976ல யானகிமாச்சின்னு ஹவாய்ல இருந்த ஒரு ஆராய்ச்சியாளர் காட்டினது, அப்புறம் பல வருஷம் குழந்தை இல்லாத ஆம்பளைங்களுக்கு விந்து சோதனையாவே இத பண்ணிட்டு இருந்தாங்க. கேட்டா சிரிப்பா இருக்கும், ஒருத்தரு அப்பா ஆக முடியுமான்னு வெள்ளெலி முட்டை கிட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கறது. (கரு எல்லாம் வளராது, பயப்படாதீங்க.)

வளையத்த தாண்டினா முட்டையோட தோல். அங்க விந்தணு மேல இஸுமோன்னு ஒரு புரோட்டீன், முட்டை மேல ஜூனோன்னு ஒண்ணு, ரெண்டும் கை கோத்தாத்தான் உள்ள போக முடியும். 2005ல ஜப்பான்காரங்க மொதலாவத கண்டுபிடிச்சு கல்யாண வரம் குடுக்கற கோயில் பேர வச்சாங்க, 2014ல இங்கிலாந்துல ரெண்டாவத கண்டுபிடிச்சு கல்யாணத்துக்கான ரோம தேவதை பேர வச்சாங்க. நம்ம ஊர்ல கண்டுபிடிச்சிருந்தா திருமணஞ்சேரின்னு வச்சிருப்போம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது மீன் கதை. மீன் முட்டைக்கு மேல பௌன்சர்னு ஒரு சின்ன புரோட்டீன், பப் வாசல்ல தடியா நிக்கிறாங்கள்ல அந்த பௌன்சர்தான். 2018ல வியன்னாவுல வரிக்குதிரை மீன எடுத்து அதோட சொந்த பௌன்சர நீக்கிட்டு மெடாக்கா மீனோட பௌன்சர வச்சாங்க. சொந்த இன விந்துக்கு அந்த முட்டை சரியா தொறக்கல. இருபது கோடி வருஷம் முன்னாடி பிரிஞ்சு போன மெடாக்காவோட விந்து உள்ள போயிடுச்சு! ஒரே ஒரு புரோட்டீன மாத்தினதுக்கு. இத படிச்சப்ப நான் ராத்திரி லேப்ல தனியா உக்காந்து கை தட்டினேன்.

ஏன் மீனுக்கும் கடல் பிராணிக்கும் வாசல்ல இவ்ளோ கெடுபிடின்னா, அதுங்க முட்டையும் விந்தும் தண்ணியில கொட்டிட்டு போயிடுது. கலிஃபோர்னியா கரையில அபலோன்னு ஒரு ஒத்தை ஓட்டு சிப்பி, அதுலயே பல இனம் பக்கத்து பக்கத்துல வாழுது. தண்ணி ஒண்ணு, யாரு விந்து யாரு முட்டை மேல வேணாலும் விழும். அதனால விந்தணு லைசின்னு ஒரு புரோட்டீன வச்சு முட்டையோட உறையில ஓட்டை போடும், அந்த லைசின் தன் இனத்து உறையிலதான் ஒழுங்கா வேலை செய்யும், பக்கத்து இனத்து உறையில திணறும். பூட்டும் சாவியும் ஒண்ண ஒண்ணு துரத்திட்டே மாறிக்கிட்டு இருக்கு. கடல் முள்ளெலிக்கு பிண்டின்னு வேற ஒண்ணு. அந்த பூட்டும் சும்மா தள்ளினா ஆடற பூட்டுதான், 1903லயே ஜாக் லோப்னு ஒருத்தர் கடல் தண்ணியோட காரத்தன்மைய கொஞ்சம் ஏத்தி விட்டு கடல் முள்ளெலி முட்டைக்குள்ள நட்சத்திர மீன் விந்த போக வச்சுட்டாரு.

ஆட்டுக்கு அந்த தேவை இல்ல. பருவத்துக்கு வர்ற நேரம், வாசனை, கத்தற சத்தம், யாரு யாரு பின்னாடி போறதுன்னு ஆயிரம் வடிகட்டி முன்னாடியே இருக்கு, முட்டை வாசல்ல கடுமையா ஆள் போட வேண்டிய அவசியம் வரல. இது என் சொந்த யோசனை, டாக்டர் சார் தப்புன்னா திருத்துங்க. நாமதான் ரெண்டையும் ஒரே பட்டியில அடைச்சு வெள்ளாட்டு கிடாவையும் வித்துட்டு மத்த வடிகட்டி எல்லாத்தையும் கழட்டி விட்டுட்டோம்.

சும்மா ஒருத்தன்:
கடைசி வரி அண்ணனுக்கு குத்து 😂 சரி ரொம்ப தூரத்து சொந்தம்னா கண்டிப்பா நடக்காதுல்ல?

பைப்பெட் பிடிச்ச கை:
அதுவும் சொல்ல முடியாது. 2020ல ஹங்கேரில ரஷ்ய ஸ்டர்ஜன் முட்டையில அமெரிக்க துடுப்பு மீன் விந்த விட்டாங்க, கலப்பு பண்ண இல்ல, விந்து சும்மா முட்டைய எழுப்பி விடட்டும், தாய் ஜீன் மட்டும் வச்சு குஞ்சு வளரட்டும்னு. பாத்தா நிஜமாவே கலப்பு குஞ்சு நூத்துக்கணக்குல நீந்துது. டைனோசர் காலத்துல பிரிஞ்ச குடும்பம் ரெண்டும். ஆனா வீட்டு பக்கத்துல இருக்கற எருமையும் மாடும் பாருங்க, லேப்ல முட்டையும் விந்தும் சேத்து வச்சா கருவுறுது, 8 செல் கிட்ட வந்து அப்படியே நின்னுடுது. அதுவரைக்கும் தாய் முட்டையில வச்சிருந்த சாமான வச்சு ஓடும், அதுக்கு மேல கருவோட சொந்த ஜீன் வேலைய எடுத்துக்கணும், அங்க படுத்துடுது.

கரும்பு வாத்தியார்:
ஆட்டு கதைக்கு நடுவுல பயிர்க்காரன் ஒருத்தன். நான் முப்பது வருஷம் மகரந்தம் தடவியே காலத்த ஓட்டினவன், இப்ப ரிட்டயர்டு. நீங்க எல்லாம் பேசற வாசல் கதை பூவுலயும் அப்படியே இருக்கு, இன்னும் நல்லா கண்ணால பாக்கலாம்.

மகரந்தத்துக்கு கால் இல்ல, நீந்தாது. சூல்முடி மேல விழுந்து, அங்க ஈரத்த உறிஞ்சி, ஒரு குழாய் விட்டு, அந்த குழாய் தண்டு வழியா கீழ வளந்து போய் சூலுக்குள்ள விந்த விடணும். மக்காச்சோளத்துல பட்டு நூல் தொங்குதே, அந்த ஒவ்வொரு நூலும் ஒரு சூல்தண்டு, மகரந்தக் குழாய் அதோட முழு நீளத்தையும் வளந்து கடக்கணும். வேற இன மகரந்தம்னா சிலது முளைக்கவே முளைக்காது, சிலது முளைச்சு பாதி வழியில முனை உப்பி நின்னு போயிடும். பூவை அனிலின் நீல சாயத்துல ஊற வச்சு புற ஊதா வெளிச்சத்துல பாருங்க, நல்ல சேர்க்கையில குழாய் எல்லாம் பச்சை மஞ்சளா நூல் நூலா கீழ இறங்கியிருக்கும். சேராத சேர்க்கையில மேலயே கொத்தா சுருண்டு பளபளன்னு அடைச்சுட்டு நிக்கும். மொத தடவ பாத்தப்ப எங்க வீட்டு தாவாரத்து குழாய் அடைப்புதான் ஞாபகம் வந்துச்சு.

அத ஏமாத்த நாங்க பண்ணாத வேலை இல்ல. தண்டை பாதியில வெட்டி அங்க மகரந்தம் வைக்கிறது, பூ விரியறதுக்கு முன்னாடி மொட்டுலயே பிரிச்சு தடவறது, செத்துப்போன சொந்த மகரந்தத்த கலந்து தடவி பூவை நம்ப வைக்கிறது. பப்பாளில சர்க்கரை தண்ணி கூட தடவுவாங்க, காட்டு இனத்துல இருந்து வளையப்புள்ளி வைரஸ் எதிர்ப்ப கொண்டு வரணும்னு. இவ்ளோ பண்ணி சேந்தாலும் விதைக்குள்ள கருவூண் வளராது, கரு பட்டினியில சாகும். ஆட்டுல நஞ்சு அமையலன்னு டாக்டர் சொன்னாரே, விதையில அதே கதைதான். அதனால பிஞ்சுலயே கருவ ஊசி முனையால எடுத்து பாட்டில்ல வச்சு புட்டிப்பால் மாதிரி வளக்கறது.

ஆனா கொஞ்சம் பெருமைக்கும் விஷயம் இருக்கு. கோயமுத்தூர் கரும்பு நிலையம் 1912ல வந்துச்சு, அங்க வெள்ளைன்னு ஒரு தித்திப்பு கரும்போட ஆத்தங்கரையில தானா வளர்ற நாணல் மாதிரி காட்டுக்கரும்ப சேத்து எடுத்ததுதான் கோ 205, 1918ல பஞ்சாபுக்கு போச்சு. அது இனம் தாண்டின சேர்க்கை, அங்க கதவு தொறந்துச்சு. அதோட விடாம அந்த நிலையத்து கரும்பு விஞ்ஞானி வெங்கட்ராமன் கரும்ப சோளத்தோடயும் மூங்கிலோடயும் சேக்க பாத்தாரு, தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் அங்க 1930கள்ல வேலை பாத்தப்ப கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேத்து செடியே எடுத்தாங்க. பேரினமே வேற ரெண்டும்.

கோதுமை பூவுல மக்காச்சோள மகரந்தம் போட்டா இன்னும் வேடிக்கை. கருவுறும். ஆனா அடுத்த சில நாள்ல மக்காச்சோள குரோமோசோம் மொத்தமும் ஒவ்வொண்ணா உதிர்ந்து போய் கோதுமையோட பாதி மட்டும் மிஞ்சி நிக்கும். வேலை முடிஞ்சதும் மாப்பிள்ளைய வீட்ட விட்டு அனுப்பின மாதிரி. அந்த பாதிய இரட்டிப்பாக்கி சுத்தமான கோதுமை ரகம் எடுக்க இத ஒரு முறையாவே வச்சிருக்காங்க. தடைன்னு சொல்றோம், அந்த தடையவே கருவியாக்கிட்டாங்க பாருங்க.

பட்டிக்காரன்:
அப்பாடா, நான் ஒரு ஆடு வீசினத கேட்டேன், நீங்க வியன்னா வரைக்கும் போயிட்டீங்க 🙏 எல்லாத்தையும் பொண்ணு கிட்ட படிச்சு காட்டினேன். அவ புக்க மறுபடி எடுத்து பாத்தா, அதுல "கருவே உண்டாகாது"ன்னு இல்லையாம், தங்களுக்குள்ள சேந்து வளமான சந்ததி தர்றதுதான் ஒரு ஸ்பீஷிஸ்னு இருக்காம், இவளா சேத்து படிச்சிருக்கா. டாக்டர் சார், கையாலதான் எடுத்தேன், ரெண்டு தடவ சோப்பு போட்டு கழுவினேன், காய்ச்சல் ஒண்ணும் இல்ல. நேத்து மருந்தகத்துல ஆட்டுக்கு ரத்தம் எடுத்துட்டாங்க. ஏரிக்கரை விஷயமும் மறுக்க முடியல, அங்க எல்லார் மந்தையும் கலக்கும், அதுவும் நம்ம மேச்சேரிக்கு கம்பளி கிடையாது, தூரத்துல இருந்து பாத்தா வாலு தூக்கியிருக்கா தொங்குதான்னு வச்சுதான் நானே வெள்ளாடா செம்மறியான்னு பிரிப்பேன், எந்த கிடா எப்ப வந்துச்சுன்னு எங்க போய் கேக்க.

ஊசி டாக்டர்:
ரத்தம் குடுத்தது நல்லது. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த ஆட்டுப்பால குடிக்க வேணாம், காய்ச்சினாலும் சரி. உங்களுக்கு சாயங்கால காய்ச்சல், மூட்டு வலின்னு ஏதாவது வந்தா ஆஸ்பத்திரில ஆடு வீசின விஷயத்த சேத்து சொல்லுங்க, சொல்லலன்னா அவங்களுக்கு தோணாது.

பட்டிக்காரன்:
சரிங்க சார். செம்மறி கிடாவ தனியா கட்டியாச்சு, புது வெள்ளாட்டு கிடா சந்தையில பாத்து வச்சிருக்கேன், அடுத்த வாரம் வந்துடும். இது ராத்திரி பூரா கயித்த இழுத்துக்கிட்டு கத்துது, வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல.